விமானியாகப் போகும் பிள்ளைக்கு முற்பணம் கட்டும் முன்

காணி உறுதியைப் பையில் வைத்துக்கொண்டு வங்கி வாசலில் நிற்கும் தாய் தகப்பனுக்காக இதை எழுதுகிறேன். பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமானதிலிருந்து, ஊரில் விமானியாக ஆசைப்படும் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். ஆசையில் பிழையில்லை. காசு கட்டும் ஒழுங்கில்தான் பிழை நடக்கிறது.

சட்டம் சுருக்கமானது. உரிமம் தருவது கட்டுநாயக்காவிலுள்ள சிவில் விமான சேவைகள் அதிகாரசபை. தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயதும், பொதுவாக 40 மணித்தியாலப் பறப்பும் வேண்டும். சம்பளத்துக்குப் பறக்கும் வர்த்தக உரிமத்துக்கு 18 வயதும் 200 மணித்தியாலமும். அங்கீகரிக்கப்பட்ட ஒரே பாடநெறியை முழுமையாக முடித்தால் 150 போதும். இது சர்வதேச அளவுகோல்.

இந்த 40 தான் முதல் பொறி. அது ஆகக் குறைந்த அளவு. விமானப் பாடசாலை தரும் விலைப்பட்டியல் 40 ஆல் பெருக்கப்பட்டிருக்கும். பிள்ளை பரீட்சைப் பறப்புக்குத் தயாராக 55, 60 ஆவது சாதாரணம். கணக்குக்காக மணித்தியாலம் 50,000 ரூபா என்று வைத்தால், 20 இலட்சம் என்று நினைத்து இறங்கியவர் 30 இலட்சத்தில் நிற்பார். இடையில் விமானம் திருத்தத்துக்குப் போய் மூன்று கிழமை பறக்காவிட்டால், படித்த தரையிறக்கத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். அந்த மணித்தியாலத்துக்கும் காசு உங்களுடையதுதான்.

மீட்டரையும் கேளுங்கள். சில விமானங்களில் இயந்திரம் இயங்கியவுடனேயே கட்டண மீட்டர் ஓடத் தொடங்கிவிடும். பறப்பு நேரமாகக் குறிப்பேட்டில் ஏறுவதோ, பறப்பதற்காக விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து திரும்பி வந்து நிற்கும் வரைக்குமான நேரம் மட்டும். இடையில் போகும் நிமிடங்களும் உங்கள் காசுதான். எரிபொருள் வாடகைக்குள் அடங்குமா, பயிற்றுநருக்கு வேறாகவா, தரையிறங்கும் கட்டணம் யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். டொலரில் விலை சொன்னால் இன்னும் கவனம். 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், இரண்டு மாதத்தில் 360 வரை போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

இப்போது முக்கியமானது. காசுக்கு முன்னம் வைத்தியச் சான்றிதழ். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நகையை அடகு வைத்து முற்பணம் கட்டிய பிறகுதான் மகனுக்கு நிறப் பார்வைக் குறை என்று அறிந்தது. “மிளகாயில சிவப்பு பச்சை எல்லாம் சரியாச் சொல்லுவானே” என்று தாய் திரும்பத் திரும்பக் கேட்டார். புள்ளிப் படங்களைக் காட்டிச் செய்யும் சோதனை மிளகாய் அல்ல. முற்பணம் திரும்பவில்லை, “திருப்பித் தரப்படாது” என்ற வரி விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்ததாம்.

வர்த்தக உரிமத்துக்கு முதலாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். அதிகாரசபை நியமித்த வைத்தியரே அதைச் செய்யலாம். ஊர் வைத்தியர் தரும் உடற்தகுதிக் கடிதம் செல்லாது. கண்ணாடி போடுவதால் மட்டும் யாரும் கழிக்கப்படுவதில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் 40 வயதுக்குட்பட்டவருக்கு அந்தச் சான்றிதழ் 12 மாதமே செல்லும். அதை எடுத்துவிட்டு, வெளிநாட்டிலுள்ள அண்ணாவின் காசுக்காக ஒரு வருடம் காத்திருந்தால் திரும்ப முதலிலிருந்து.

அடுத்தது பெயர். எங்கள் பிள்ளைகளுக்கு அப்பாவின் பெயர் முதலெழுத்தாக வரும். பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் விரித்து வேறொன்று. இராத்திரி பஸ்சில் இடுப்பொடியக் கொழும்புக்குப் போய், காலையில் கருமபீடத்தில் “இரண்டும் ஒரே ஆளா?” என்ற ஒற்றைக் கேள்வியோடு திரும்பி வருவார்கள். விமானப் பாடசாலையோ இரத்மலானையில், அதிகாரசபை கட்டுநாயக்காவில். ஒன்று நகருக்குத் தெற்கே, மற்றது வடக்கே. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் சான்றிதழை மொழிபெயர்க்கும்போதே கடவுச்சீட்டைக் காட்டி, எழுத்துக்கூட்டலை ஒன்றாக்குங்கள். இந்த அலுவல் யாழ்ப்பாணத்திலேயே முடியும்.

அரச நிறுவனத்தோடு தமிழில் கடிதம் எழுதவும் பதில் பெறவும் அரசியலமைப்பு உரிமை தருகிறது. அதைக் கேட்டுப் பெறுங்கள். ஆனால் விமானத்திலிருந்து வானொலியில் பேசுவது ஆங்கிலத்தில். அதற்குத் தனியான பேச்சுத் தேர்வில் 4ஆம் மட்டமாவது வேண்டும். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு ஏ எடுத்த பிள்ளையும் இதில் தடுமாறுவதுண்டு. 4ஆம் மட்டம் மூன்று வருடத்துக்குத்தான்.

தனியார் உரிமம் எடுத்தபின் மணித்தியாலம் சேர்க்க விமானம் வாடகைக்கு எடுப்பார்கள். அப்போது இரண்டைக் கேளுங்கள்: சேதமானால் காப்புறுதிக்கு வெளியே உங்கள் தலையில் எவ்வளவு விழும்? வெளியூரில் இரவு நிறுத்தினால், பறந்தாலும் பறக்காவிட்டாலும் ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் கட்ட வேண்டும்? பாதியில் பாடசாலை மாற நினைப்பவர்கள் அந்த 150 சலுகையை இழக்கக்கூடும் என்பதையும் யோசியுங்கள்.

வர்த்தக உரிமத்தோடு வேலை வந்துவிடும் என்று விளம்பரம் சொல்லும். கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதி வேறு, பெரிய ஜெட்டுக்கான வகைத் தகுதி வேறு, ஒவ்வொன்றுக்கும் காசு வேறு. அரசின் வட்டியில்லா மாணவர் கடனை நம்பியிருப்பவர்களுக்கு: அது பட்டப்படிப்புக்கானது.

பாடசாலையின் அங்கீகாரம் இன்றும் செல்லுபடியாகுமா என்று அதிகாரசபையிடமே எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சேவையில் ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அதிகாரசபைக்கு முறையிட மூன்று மாதமே அவகாசம். “அடுத்த மாதம் விமானம் வரும்” என்று இழுத்தடிப்பவர்களுக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

காசைத் துண்டு துண்டாக, பத்து மணித்தியாலத்துக்கு ஒருமுறை கட்டுங்கள். பற்றுச்சீட்டில் “பயிற்சிக் கட்டணம்” என்று மொட்டையாக எழுதித் தந்தால் வாங்காதீர்கள். எந்த விமானம், எத்தனை மணித்தியாலம், பயிற்றுநரோடா தனியாகவா என்று எழுதச் சொல்லி, எழுதும்வரை கருமபீடத்தை விட்டு நகராதீர்கள்.