துளையிடும் நச்சா, புழையாகும் நஞ்சா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் நர்சிங் படிக்கிற பிள்ளைகளின் குறிப்பேட்டைத் திறந்தால் ‘துளையிடும் நச்சு’ என்ற தொடர் கண்ணில் படும். சில பாக்டீரியாக்கள் நம் செல்லின் சவ்வை ஓட்டையாக்கப் பயன்படுத்தும் புரதத்துக்கு, ஆங்கிலத்தில் போர்-ஃபார்மிங் டாக்சின் (pore-forming toxin) என்பதற்கு, யாரோ சூட்டிய பெயர். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை, கொடுத்ததை எழுதுகிறார்கள். ஆனால் தொடரின் இரண்டு பாதியுமே பிழை.

சின்னப் பிழை முதலில். பெயர்ச்சொல் நஞ்சு. இன்னொரு சொல்லோடு சேரும்போதுதான் நச்சுப்பல், நச்சுப்பாம்பு என்று மெல்லினம் வல்லினமாகும். தனியே நின்றால் நஞ்சு. விஷம் என்றாலும் எனக்குச் சண்டையில்லை. டாக்சின் என்பது கிரேக்கத்தில் வில்லைக் குறித்த சொல்லிலிருந்து கிளம்பி, அம்பில் தடவும் நஞ்சு என்றாகி வந்தது. அது போதும்.

பெரிய பிழை ‘துளையிடும்’. துளையிட்டவன் வேலை முடிந்ததும் போய்விடுவான், துளைதான் மிஞ்சும். இங்கே நடப்பது வேறு. கொப்புளத்திலும் சீழிலும் இருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஆல்ஃபா ஹீமோலைசின் என்ற புரதத்தை வெளியே விடுகிறது. அது தனித்தனி மூலக்கூறாக நீரில் கரைந்து வந்து செல்லின் மேற்பரப்பில் ஒட்டும். ஏழு கூடினால் வளையம். அப்புறம் ஒவ்வொன்றும் மடித்து வைத்திருந்த பகுதியை நீட்டி, இரண்டிரண்டு இழையாகச் சவ்வுக்குள் இறக்கும். 14 இழையும் ஒட்டி நின்று ஒரு குழாய் ஆகிவிடும். புரதத்தைப் படிகமாக்கி எடுத்து 1996இல் வெளியான அமைப்புப் படத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். குழாயின் மிக ஒடுங்கிய இடம் ஏறத்தாழ 1.4 நானோமீட்டர். அந்த வழியே பொட்டாசியம் வெளியேறும், கால்சியம் உள்ளே பாயும்.

நம் கடற்கரை ஊர்களில் மணலில் கிணறு தோண்டினால் உறை இறக்காமல் நிற்குமா? சரிந்து மூடிவிடும். சவ்வின் கொழுப்பும் அப்படி நகர்ந்து மூடக்கூடியதுதான். நஞ்சு கடப்பாரை இல்லை, உறை. அது அங்கேயே நிற்பதால்தான் வழி திறந்திருக்கிறது.

அதனால் நான் கேட்பது ‘புழையாகும் நஞ்சு’. பழைய தமிழில் யானையின் துதிக்கைக்குப் புழைக்கை என்று பெயர். சுவரோடு கூடிய உள்வழிதான் புழை. எல்லை தாண்டினால் புழ என்பது ஆறு என்பார்கள், ஆலப்புழை தெரியாதவர் நம் மாவட்டத்தில் யார்? போர் (pore) என்கிற ஆங்கிலச் சொல்லின் மூலமான கிரேக்கப் போரோஸுக்கும் வழி, ஆற்றைக் கடக்கும் துறை என்றே பொருள். பாஸ்போரஸ் நீரிணையின் பெயரில் இருப்பதும் அதுதான். இதை வைத்துக்கொண்டு கிரேக்கத்துக்கே தமிழ்தான் தாய் என்று யாரும் கிளம்ப வேண்டாம், தற்செயல்.

‘புழை யாருக்குப் புரியும், துளை எளிது’ என்பார்கள். சரி, துளை என்றே வைத்துக்கொள்ளுங்கள், ‘துளையாகும் நஞ்சு’ என்று எழுதுங்கள். என் வழக்கு வினைச்சொல்லோடுதான். நிமோனியாக் கிருமியின் நிமோலைசின் 30 முதல் 50 மூலக்கூறு வரை கூடி 25 நானோமீட்டருக்கு மேல் அகலமான வளையம் கட்டுகிறது. ஐந்தாறு நானோமீட்டர் தடிப்புள்ள சவ்வில் அதைக் குழாய் என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதன் கரை நஞ்சின் உடம்பேதான். அங்கும் ‘ஆகும்’ பொருந்தும், ‘இடும்’ பொருந்தாது.

இதைவிட மோசம் ‘சவ்வுத்துளைப்பான்’. எதைக் கண்டாலும் ஒரு ‘-ப்பான்’ ஒட்டிவிட்டால் தமிழாக்கம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். பொருள் என்ன செய்கிறது என்று பார்ப்பதில்லை, அகராதியில் இரண்டு சொல்லை எடுத்து ஈர்க்கில் கோர்த்துத் தருகிறார்கள். மொழிபெயர்ப்பவர் அந்த ஏழு மூலக்கூறு படத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் ‘துளைப்பான்’ என்று எழுதக் கை வந்திருக்காது. விடைத்தாள் திருத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘துளையாகும் நஞ்சு’ என்று எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் போடுங்கள். துளைப்பானுக்குப் பாதி போதும்.