ஆணி அடிக்காத வீடு லாரி ஏறும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை நானும் தங்கச்சியும் அவ பையனும் ஈசிஆர்ல முட்டுக்காடு போட் ஹவுஸ் பக்கம் இருக்கிற, பழைய வீடுங்கள கொண்டு வந்து வச்சிருக்கிற தட்சிணசித்ரா மியூசியத்துக்குப் போயிருந்தோம். (செவ்வாய்க்கிழமை லீவு. அது தெரியாம ஒரு தடவை போய் பூட்டுன கேட்டைப் பாத்துட்டு, வர்ற வழியில பஜ்ஜி சாப்ட்டுட்டு வீடு திரும்புன ஆளு நான்.) பையன் ஒவ்வொரு வீடும் எந்த ஊர்ல இருந்து வந்ததுன்னு படிச்சுட்டே வந்தவன் கோட்டயம் பக்கத்து புதுப்பள்ளி வீட்டு முன்னாடி நின்னு, "மாமா, இத எப்டி கொண்டு வந்தாங்க, லாரியில ஏத்துனா ஒடையாதா?"ன்னு கேட்டான். பிரிச்சு கொண்டு வந்தாங்கடான்னு நான் பெரிய மனுஷன் மாதிரி சொல்ல, "பிரிச்சத திருப்பி எப்டி ஒட்டுனாங்க?"ன்னு அடுத்த கேள்வி.

ஒட்டவே இல்ல, அதான் விஷயமே. முதல்ல கட்டுனப்பவே அத யாரும் ஒட்டல.

முதல்ல இடத்தப் பத்தி கொஞ்சம். மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன்னு 1984ல ஆரம்பிச்ச அமைப்பு, 1996 டிசம்பர்ல இந்த இடத்தத் தொறந்தாங்க. பத்து ஏக்கர், பதினெட்டு வீடு, தமிழ்நாடு கேரளா கர்நாடகா ஆந்திரான்னு தனித்தனித் தெரு. மொத்த பிளான் லாரி பேக்கர்ங்கிற ஆர்க்கிடெக்டோடது, அவருக்கு அப்புறம் பென்னி குரியாகோஸ் எடுத்து செஞ்சாரு. சில வீடு பழைய முறையில புதுசா கட்டுனது, நெறைய வீடு ஏற்கனவே எங்கயோ இருந்தத பிரிச்சு கொண்டு வந்தது. இந்த ஐடியா உலகத்துக்குப் புதுசில்ல, ஸ்டாக்ஹோம்ல ஸ்கான்சன்னு 1891லயே இதே மாதிரி ஒரு இடம் தொறந்துட்டாங்க. அங்கயும் குளிர் நாட்டு மர வீடுங்கதான் அதிகம், அது ஏன்னு கீழ புரியும்.

புதுப்பள்ளி வீட்டுல உள்ள போனதும் கொஞ்சம் நிதானமா செவுத்தப் பாருங்க. செவுரே மரப்பலகை. நெட்டுக்குத்தா சட்டம் நிக்கும், அந்தச் சட்டத்துல காடி (நீளவாக்குல ஒரு பள்ளம்) எடுத்திருப்பாங்க, அந்தக் காடிக்குள்ள பலகைய சொருகியிருப்பாங்க, அவ்ளோதான். அறயும் நிறயும்னு மலையாளத்துல சொல்வாங்க, நெல்லு கொட்டி வைக்கிற அறை, அதச் சுத்தி நிக்கிற பலகைச் செவுரு. ஆணியும் இல்ல பசையும் இல்ல. ஒரு சட்டத்தோட முனைய செதுக்கி நாக்கு மாதிரி விட்டிருப்பாங்க, அதுக்குப் பேரு கழுந்து. இன்னொரு சட்டத்துல அதே அளவுக்குத் தொளை. கழுந்து தொளைக்குள்ள போனதும் குறுக்க ஒரு ஓட்டை போட்டு நல்லா காஞ்ச கெட்டி மரத்துல செஞ்ச ஆப்ப அடிச்சு இறுக்கிருவாங்க. மேல இருக்கிற ஓட்டுக்கூரையோட வெயிட்டு எல்லாத்தையும் கீழ அழுத்திப் பிடிச்சுக்கும். கூரைய எறக்கிட்டு ஆப்ப பின்னாடி பக்கமா தட்டுனா மொத்த வீடும் கட்டில் கழட்டுற மாதிரி கழண்டு வந்துரும்.

இத வீட்ட இடம் மாத்தணும்னு நெனச்சு செஞ்சாங்களான்னா, முக்கியமான காரணம் வேற. மரம் செத்தும் சும்மா இருக்காது. மழைக்காலத்துல காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துக்கிட்டு உப்பும், வெயில் காலத்துல ஈரத்த விட்டுட்டு சுருங்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவுக்கு இல்ல. தேக்கையே எடுத்துக்கோங்க, பச்சையா இருந்து முழுசா காயுற வரைக்கும் உள்ள இருக்கிற வருஷ வளையத்த ஒட்டி போற திசையில ஏறக்குறைய 5, 6 சதவீதம் சுருங்கும், நடுவுல இருந்து பட்டைய நோக்கிப் போற திசையில அதுல பாதிதான், நீளவாக்குல ஒன்னுமே இல்லன்னு சொல்லலாம். அப்ப ஒரு அடி அகலப் பலகைய ரெண்டு பக்கமும் ஆணி அடிச்சோ பசை போட்டோ கட்டிப் போட்டா என்ன ஆகும், சுருங்க வழியில்லாம நடுவுல பொளந்துக்கும். காடிக்குள்ள சும்மா சொருகி விட்டா அது பாட்டுக்கு ஒரு நூல் ரெண்டு நூல் (ஒரு நூல்னா இன்ச்சுல எட்டுல ஒரு பங்கு) உள்ள வெளிய போய்ட்டு வரும், பொளக்காது. பலகை ஆடட்டும்னு விட்ட எடம்தான் நூறு வருஷம் கழிச்சு பிரிக்கறதுக்கும் வழியாச்சு.

தூணோட அடியையும் குனிஞ்சு பாருங்க. பழைய வீட்டுத் தூணு எதுவும் மண்ணுக்குள்ள புதைஞ்சு நிக்காது, ஒரு கல்லு மேல உக்காந்திருக்கும். மரத்தோட வெட்டு முனை இருக்கே, அது உறிஞ்சு குழாய் கட்டு மாதிரி, தண்ணிய சரசரன்னு மேல இழுக்கும், அதனால அத மண்ணுல வைக்கக் கூடாது. கரையானும் ஈரத்த மோப்பம் பிடிச்சு மண்ணுல இருந்துதான் ஏறும். ஆக கல்லு போட்டது தூண காப்பாத்த, ஆனா அதே காரணத்தால தூண தோண்டாம அப்டியே தூக்கிரலாம்.

செவுருதான் சிக்கல். மண் செவுரு, செம்புரைக்கல் செவுரு, செங்கல் செவுரு, இதெல்லாம் லாரி ஏறாது. ஏறுறது மரம், கல்லு, ஓடு, கதவு, நிலை. பொதுவா இப்படி இடம் மாத்துற வீட்டுல செவுத்த புது எடத்துல அதே அளவுக்குப் புதுசா எழுப்பிருவாங்க. அப்ப இது பழைய வீடா புது வீடான்னு சிலர் மூஞ்ச சுளிப்பாங்க, எனக்கு அந்தக் கவலை இல்ல, ஊர்லயே இருந்திருந்தாலும் அந்த மண் செவுத்த ரெண்டு தலைமுறைக்கு ஒரு தடவை இடிச்சு கட்டியிருப்பாங்க.

செங்கல்லுலயும் ஒரு நல்ல கூத்து உண்டு. பழைய செவுத்துல சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்புக்கல்ல 900 டிகிரி பக்கத்துல சுட்டா அதுல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிரும். நூறு கிலோ சுத்தமான கல்லு போட்டா கையில மிஞ்சுறது 56 கிலோ, மீதி 44 கிலோ காத்துல போச்சு. அதுல தண்ணி ஊத்துனா பொங்கி நீத்துப் போகும், அந்த நீத்த சுண்ணாம்ப மணலோட அரைச்சுப் பூசுனதும் அது மெதுவா காத்துல இருந்து கார்பன் டை ஆக்சைட திருப்பி எடுத்துக்கிட்டு மறுபடி கல்லாகும். ஆனா சிமெண்ட் அளவுக்கு கெட்டி ஆகாது, செங்கல்லை விட கொஞ்சம் மெத்துன்னுதான் இருக்கும். அதனால பழைய செவுத்த பிரிக்கும்போது காரை உதுந்துரும், செங்கல் முழுசா கைக்கு வரும், சொரண்டிட்டு திரும்ப வைக்கலாம். சிமெண்ட் செவுத்துல தலைகீழ், கலவை நிக்கும், கல்லு ஒடையும். உங்க தெருவுல இடிக்கிற எதாவது வீட்டுப் பக்கம் போய் நின்னு பாருங்க, முழு செங்கல்லா அடுக்கி வச்சிருந்தா அது சுண்ணாம்பு வீடு, ரப்பிஷா டிப்பர்ல போனா சிமெண்ட் வீடு.

சரி பிரிக்கிற வேலைக்கு வருவோம். முதல்ல முழு வீட்டையும் அளந்து வரையணும், போட்டோ எடுக்கணும், அப்புறம் ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர். இந்த நம்பர்தான் உயிரு. ஏன்னா கையால செதுக்குன வீட்டுல ரெண்டு தூணு ஒரே மாதிரி தெரியும், ஆனா இருக்காது. இந்தக் கழுந்து அந்தத் தொளைக்குன்னே செதுக்குனது, பக்கத்துத் தொளைக்குப் போட்டா ஒன்னு இறுக்கும் இல்ல ஆடும். எந்தப் பக்கம், எத்தனையாவது, எது மேல எது கீழன்னு எல்லாம் அந்தக் குறியில இருக்கணும். பிரிக்கிறது கட்டுனதுக்கு நேர் தலைகீழா, ஓடு, ரீப்பர், கைமரம், உத்தரம், தூணு தலையில உக்காந்து உத்தரத்த தாங்குற போதிகை, கடைசியா தூணு. வெயில் காலத்துல பிரிச்சா மரம் காஞ்சு ஆப்பு தன்னால கொஞ்சம் லூசா இருக்கும், ஐப்பசியில போய் தட்டுனா உப்பிப் போய் அசையாது.

எழுதி வச்சுட்டு பிரிக்கிறது நம்ம ஆளுங்களுக்குப் பழைய பழக்கம்தான். திருமழபாடி கோயில் விமானத்த பிரிச்சு கட்டச் சொன்ன ராஜராஜ சோழன் (அவரோட 28ஆவது ஆட்சி வருஷம், அதாவது 1013 வாக்குல), அதுக்கு முன்னாடி செவுத்துல இருக்கிற கல்வெட்டு எல்லாத்தையும் புத்தகத்துல படி எடுத்து வைக்கச் சொல்லியிருக்காரு, அப்புறம் ராஜேந்திரன் காலத்துல அத பாத்து புது செவுத்துல திருப்பி வெட்டுனாங்க. அந்த விவரமே கல்வெட்டாதான் கிடைச்சிருக்கு. இந்த வேலைய ஒழுங்கா செய்யாத கோயிலும் இருக்கு, திருப்பணி பண்ணி கல்ல மாத்தி அடுக்கி, பாதி வரி கிழக்கையும் மீதி வரி வடக்கையுமா நிக்கும்.

எங்க வீட்டுக் கதையும் அதேதான். திருநெல்வேலி பக்கம் தாத்தா வீடு, பட்டாலை (உள்ள இருக்கிற பெரிய ஹால்), முற்றம், உள்ள நாலு பலாமரத் தூணு. பாகப்பிரிவினை முடிஞ்சு இடிக்கிறதுன்னு ஆனதும் மாமா மரத்த எல்லாம் பிரிச்சு தோட்டத்துல சின்னதா அதே மாதிரி கட்டப் போறேன்னாரு. ஆசாரி, "சாக்பீஸ் வேண்டாம்யா, உளிய வச்சு கொத்திருவோம், அதான் நிக்கும்"னு தலைபாடா அடிச்சுக்கிட்டாரு. நல்ல மரத்துல எதுக்கு கொத்திக்கிட்டுன்னு சொல்லி மாமா அவர் பேச்ச கேக்கல, சாக்பீஸ்லயே எல்லாத்துலயும் கி3, வ7ன்னு எழுதி தென்னந்தோப்புல அடுக்கி மேல தார்ப்பாய் போட்டாரு. கார்த்திகையில ஒரு ராத்திரி காத்துல தார்ப்பாய் பறந்து, காலையில போய்ப் பாத்தா எல்லாம் சுத்தமா கழுவி விட்ட மாதிரி இருந்துச்சு. அறுபது சொச்சம் துண்டு. ஆசாரி ரெண்டு நாள் உக்காந்து ஒவ்வொன்னா சேத்துப் பாத்தாரு, ஒரு மூலை மட்டும் சேந்துச்சு. மீதி விறகு விலைக்கும், நல்ல துண்டெல்லாம் காரைக்குடி பக்கம் பழைய சாமான் வியாபாரிக்கும் போச்சு.

இன்னொரு வழி பிரிக்காமலே தூக்குறது. இத பாக்க மியூசியம் போக வேணாம், மழைக்குத் தண்ணி ஏறுற ஏரியா எதுலயும் பாக்கலாம். ரோடு மேல ரோடு போட்டு வீடு பள்ளத்துல போயிருக்கும், ஜாக்கி வச்சு மூணு நாலு அடி தூக்குவாங்க. செவுத்துக்கு அடியில கொஞ்சம் கொஞ்சமா ஒடைச்சு, அந்த எடத்துல ஜாக்கிய சொருகி, எல்லா ஜாக்கியையும் ஒரே நேரத்துல ஒரே அளவு திருகணும். ஒரு பக்கம் முந்துனா செவுரு விரிசல் விட்டுரும், ஏன்னா செங்கல் செவுரு எத்தனை வெயிட்டு வேணா தாங்கும், வளைச்சா தாங்காது. அப்டியே தண்டவாளம் மேல வச்சு கொஞ்ச தூரம் நகத்தவும் முடியும், ஆனா கோட்டயத்துல இருந்து முட்டுக்காட்டுக்கு நகத்த முடியாது, நடுவுல மலை இருக்கு.

மூணாவது வழி அறுக்குறது. எகிப்துல அபு சிம்பெல் கோயில 1964ல இருந்து 1968 வரைக்கும் பாறையோட ஆயிரத்துக்கு மேல துண்டா அறுத்து 65 மீட்டர் மேல ஏத்துனாங்க, கீழ அணை கட்டி தண்ணி வந்துட்டு இருந்துச்சு. நம்ம பக்கமும் ஸ்ரீசைலம் அணை கட்டும்போது கூடவெல்லி சங்கமேஸ்வரர் கோயில கல்லு கல்லா பிரிச்சு ஆலம்பூர்ல கொண்டு போய் கட்டுனாங்க. அது தனித்தனிக் கல்ல அடுக்குன கோயில், அதனால அறுக்காம பிரிச்சாங்க.

கொண்டு வந்து நிறுத்துனதோட முடியல. தட்சிணசித்ரா கடலுக்கும் கழிமுகத்துக்கும் நடுவுல இருக்கு, காத்துலயே உப்பு. மர வீட்டுக்கு இது பரவால்ல, இரும்புதான் பாவம். உப்பு பட்ட ஆணி துருப்பிடிச்சா துரு இரும்ப விட பல மடங்கு எடம் எடுத்துக்கும், அந்த அழுத்தத்துல சுத்தி இருக்கிற மரமே பொளக்கும். மர ஆப்புக்கு அந்தப் பிரச்சனை இல்ல. தேக்குக்குள்ளயே கரையானுக்குப் பிடிக்காத ஒரு எண்ணெய்ச் சத்தும் இருக்கு, செட்டிநாட்டுக்காரங்க பர்மாவுல இருந்து கப்பல்ல ஏத்திட்டு வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். செட்டிநாட்டு வீட்டுக்குள்ள தூண தட்டிப் பாத்துட்டே வந்தான் பையன், காவலுக்கு நின்ன அம்மா ஒரு பார்வை பாத்ததும் கைய எடுத்துட்டான்.

தாத்தா வீட்டுல இருந்து எங்க பங்குக்கு வந்தது வாசக்கதவும் நிலையும் மட்டும். அத மடிப்பாக்கம் ஃபிளாட்டுல வைக்கணும்னு கேட்டப்ப பில்டர் ஆளு சிரிச்சாரு, நிலை ஆறடிக்கும் கம்மி, கான்கிரீட் லிண்டல் ஏழடி. மேல இருந்த சந்த செங்கல் வச்சு அடைச்சு ஒரு வழியா மாட்டியாச்சு. கீலு கெடையாது, மேலயும் கீழயும் குடுமி மாதிரி நீட்டுன முனை, அது குழியில சுத்தும். ஐப்பசி பொறந்தா கதவு நிலையோட ஒட்டிக்கும், தோள வச்சு இடிச்சுத்தான் தொறக்கணும். சித்திரையில ரெண்டு கதவுக்கும் நடுவுல சந்து விட்டு, எதிர் வீட்டுக்காரங்க செருப்பு மாட்டுறது வரைக்கும் தெரியும். அம்மா அதுக்கு பழைய புடவைய நாலா மடிச்சு வச்சிருக்காங்க, வெயில் காலத்துக்கு மட்டும் சொருக.