பிரஷர் பார்க்க வருத்தம் வரத் தேவையில்லை

"பிரஷர் பார்த்தீங்களா?" என்று திருகோணமலையில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "எனக்கென்ன வருத்தம், நல்லாத்தானே இருக்கிறன்" என்பார்கள். சிக்கலே அதுதான். உயர் குருதி அமுக்கம் உள்ள பலருக்குத் தலையிடியோ தலைச்சுற்றோ ஒன்றும் இருக்காது. உலகில் இந்த நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு அது இருப்பதே தெரியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாரிசவாதம் வந்து விழுந்த பிறகு தெரிந்துகொண்டவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள்.

இதை முன்கூட்டியே பிடிக்கத்தான் சுகாதார அமைச்சு 2011இல் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களைத் தொடங்கியது. அரச ஆஸ்பத்திரிகளிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலும் இவை நடக்கின்றன. முதலில் 40 முதல் 65 வயது வரை என்று வைத்திருந்தார்கள், பிறகு 35ஐத் தாண்டிய எல்லாருக்கும் என்று ஆக்கினார்கள். புகைப்பவர், உடம்பு பெருத்தவர், வீட்டில் யாருக்காவது நோய் உள்ளவர் என்றால் 20 வயதுக்கு மேலும் போகலாம். காசு இல்லை, டொக்டரின் துண்டும் வேண்டாம். நடக்கும் நாள் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ பி.எச்.ஐ. எனப்படும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேளுங்கள். சீனியும் பார்ப்பதால் வெறும் வயிற்றோடு போவது நல்லது. நிறை, உயரம் எடுப்பார்கள், வெற்றிலை போடுபவர்களின் வாயையும் திறந்து பார்ப்பார்கள்.

பெண்களுக்கு 35, 45 வயதுகளில் வெல் வுமன் கிளினிக்கும் இருக்கிறது, அங்கேயும் பிரஷர் அளப்பார்கள். ஆண்களை இழுத்து வருவதுதான் பெரும்பாடு. கிழமை நாளில் காலை நேரம் என்றால், இரவு முழுக்கக் கடலில் நின்று கரையேறுகிறவர் எப்படி வருவார்?

மாமா முறையான ஒருவரை நானே கூட்டிப் போனேன். கேற்றடியில் பீடியைக் காலால் மிதித்துவிட்டு நேரே கதிரையில் போய் அமர்ந்தார். 168க்கு 100. தாதி ஒன்றும் பேசவில்லை, "வெளியில கொஞ்சம் இருந்திட்டு வாங்கோ" என்றார். அரை மணித்தியாலம் கழித்து 152க்கு 94. இரண்டும் கூடுதல்தான், ஆனால் ஒன்றல்ல. ஒரு தடவை அளந்ததை வைத்து நோய் என்று முடிவு கட்டக்கூடாது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

அதனால் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். அரை மணித்தியாலத்துக்கு முன்பிருந்தே தேத்தண்ணி, கோப்பி, பீடி வேண்டாம். சலம் கழித்துவிட்டு, ஐந்து நிமிடமாவது சும்மா இருங்கள். முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் நிலத்தில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் மேசையில் வைக்க வேண்டும். சேர்ட் கைக்கு மேலே பட்டியைச் சுற்றவிடாதீர்கள், அளக்கும்போது கதைக்கவும் வேண்டாம். வரிசையில் பின்னால் நிற்பவர் ஊர்ப்புதினம் கேட்டாலும் சரி.

வேறு வேறு நாட்களில் அளந்தும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் நின்றால் உயர் அமுக்கம் என்பார்கள். இரண்டில் ஒன்று கூடினாலே போதும். 180க்கு 110ஐத் தொட்டால் அடுத்த கிழமை பார்ப்போம் என்று விடாமல் அன்றைக்கே டொக்டரைக் காணுங்கள். மருந்து தேவைப்படுபவரை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். மருந்து எடுத்துப் பிரஷர் இறங்கினால், அது மருந்தால்தான். நல்லாயிருக்கிறதே என்று குளிசையை நிறுத்தினால் திரும்ப ஏறும்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்காத நமக்கு இது கொஞ்சம் கொடுமைதான். கருவாட்டை ஊறவைத்துக் கழுவினால் உப்புக் குறையும், கறிக்குத் தனியாக உப்புப் போடவும் தேவையில்லை.

மாமாவின் கிளினிக் கொப்பி இப்போது வள்ளத்துப் பத்திரங்களோடு ஒரே பொலித்தீன் பையில் இருக்கிறது. பீடியைத்தான் இன்னும் விடவில்லை.