வாஸ்கோடகாமா ஏன் கரையை விட்டு விலகினார்?

"ஆப்பிரிக்கக் கரையை ஒட்டியே தெற்கே போயிருந்தால் வாஸ்கோடகாமாவுக்குத் தூரம் மிச்சமாகியிருக்குமே, எதற்காக நடு அட்லாண்டிக்கில் சுற்றினார்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 1497 ஆகஸ்ட் 3 அன்று கேப் வெர்டேயின் சாண்டியாகோ தீவை விட்டுக் கிளம்பிய கப்பல்கள், நவம்பர் 4 அன்றுதான் மறுபடி கரையைக் கண்டன. மூன்று மாதம்! கொலம்பஸ் கரை காணாமல் ஓடியது ஐந்து வாரத்துக்கும் குறைவு.

நிலநடுக்கோட்டில் சூடான காற்று மேலெழுந்து, ஏறக்குறைய 30 டிகிரி அட்சத்தில் இறங்கி, தரையோடு திரும்பி வருவதும், புவிச் சுழற்சியால் தென்கோளத்தில் அது இடப்பக்கம் வளைவதும் பள்ளியில் படித்ததுதான். விளைவு, தென்கிழக்கு வியாபாரக் காற்று. போக வேண்டியது தெற்கே, காற்றோ தென்கிழக்கிலிருந்து.

இங்கேதான் விஷயம் சுவையாகிறது. சதுரப் பாய்க் கப்பல் காற்று வரும் திசைக்குச் சுமார் 67 டிகிரிக்கு மேல் நெருங்க முடியாது. பக்கவாட்டில் வழுக்குவதற்கு இன்னொரு 10 டிகிரி வைத்துக்கொள்வோம். காற்று இடப்பக்கம் இருக்கும்படி வைத்தால் கப்பல் தெற்குத் தென்மேற்கில் ஓடும். நாளொன்றுக்கு 100 கடல் மைல் ஓடினால் தெற்கே 85 மைல் கிடைக்கும். மேற்கே 53 மைல் தள்ளும். கரையை விடக் கூடாது என்று அந்த 53 மைலை மீட்கப் பாயை மாற்றினால், கப்பலின் முகம் வடகிழக்கே திரும்பிவிடுகிறது! அரை நாளுக்கு மேல் ஓடி, தெற்கே சம்பாதித்ததில் 33 மைலை இழந்துதான் கரைக்கு வரலாம். சராசரி, நாளுக்கு 32 மைல். அதிலும் வடக்கே பாயும் பெங்குவேலா நீரோட்டம் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும்.

மேற்கே தள்ளினால் தள்ளட்டும் என்று விட்டால் 85 மைலும் மிஞ்சும். பிரேசில் பக்கம் போகப் போகக் காற்று கிழக்காகவும் வடகிழக்காகவும் திரும்பிக் கொடுக்கும். 30 டிகிரியைத் தாண்டினால் மேலைக் காற்று ஆப்பிரிக்காவை நோக்கித் தள்ளும். இந்தப் பாடம் சும்மா வரவில்லை. கினியாவிலிருந்து ஊர் திரும்பிய போர்த்துகீசியர் வட அட்லாண்டிக்கில் இதே போல் கடலுக்குள் வளைந்து சுற்றும் வழியைப் பல்லாண்டு பழகியிருந்தார்கள். பார்த்தோலோமியு டயஸ் நமீபியக் கரையோரம் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டிவிட்டுக் கடலுக்குள் விலகித்தான் 1488-ல் ஆப்பிரிக்காவின் தென்முனையைத் தாண்டினார். ஒரு அரசு அறுபது எழுபது ஆண்டு பொறுமையாகப் பணம் போட்டதன் பலன் இது. மூன்றாண்டுத் திட்டத்தில் கிடைத்திருக்காது.

1500-ல் அடுத்துப் போன போர்த்துகீசியத் தளபதி கப்ராலின் வளைவு இன்னும் அகலமாகப் போய், ஏப்ரல் 22 அன்று பிரேசில் தெரிந்தது. புயல் அடித்துக்கொண்டு போனதாகச் சில புத்தகங்கள் சொல்கின்றன. மேலே போட்ட கணக்குக்குப் புயல் தேவையில்லை.

கஷ்டம், எப்போது கிழக்கே திரும்புவது என்பதில். துருவ நட்சத்திரம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே மறைந்துவிடும். நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்து, அன்றைய சூரியச் சாய்வை (நிலநடுக்கோட்டுக்கு வடக்கே அல்லது தெற்கே சூரியன் எத்தனை டிகிரி என்பதை) அட்டவணையில் பார்த்துத்தான் அட்சம் காண வேண்டும். ஆடும் கப்பலில், உயரக் கோணத்தை அளக்கும் வட்டக் கருவியான அஸ்ட்ரோலேப் தொங்கி ஆட, ஓரிரு டிகிரி சுலபமாகப் பிசகும். தீர்க்கரேகையை அளக்கவோ வழியே இல்லை. வாஸ்கோடகாமா கொஞ்சம் முன்னதாகத் திரும்பியதால், நன்னம்பிக்கை முனைக்கு வடக்கே செயின்ட் ஹெலினா விரிகுடாவில் கரை சேர்ந்தார். அங்கே பெரிய மர அஸ்ட்ரோலேபை ஆடாத தரையில் நிறுத்தி அளந்தார்கள். முனை அதிகம் போனால் 30 லீக் (ஒரு லீக் சுமார் மூன்று கடல் மைல்) தூரம் என்றார் மாலுமி பெரோ டி அலென்கேர், டயஸுடன் முன்பே வந்தவர். கணிப்பு ஏறக்குறைய சரி. ஆனால் நவம்பர் 18 அன்று முனை கண்ணில் பட்டும் எதிர்க்காற்று விடவில்லை. 22 அன்று காற்று பின்னால் வந்த பிறகுதான் சுற்ற முடிந்தது.