நிமிர்ந்து நின்று கொடுத்த அளவு ஆட்டத்துக்கு உதவாது

மதுரையில் செல்லூர் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானம். பெண் பிள்ளைகள் கபடிப் பயிற்சி. நான் தைத்துக் கொடுத்த ஜெர்சி எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போயிருந்தேன். பாடிப் போன பிள்ளை ஒரு கையை எதிரணிப் பக்கம் நீட்டுகிறாள், மறு கையால் முதுகுப் பக்கம் ஜெர்சியைக் கீழே இழுத்து விடுகிறாள். குனிந்தால் இடுப்பு தெரிகிறது. ஒரு ரெய்டுக்கு 30 வினாடிதான் நேரம். அதற்குள் நான்கு தடவை இழுத்துவிட்டாள். தொட வேண்டிய கை துணியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த ஜெர்சிக்கு அளவு எடுத்தது நான். டேப்பில் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. ஆனால் அவளை நேராக நிற்கவைத்து எடுத்த அளவு அது.

அன்றிலிருந்து இரண்டு முறை அளவெடுக்கிறேன். முதலில் வழக்கம்போல் நிற்கவைத்து. அப்புறம், "பாடிப் போற மாதிரி குனிஞ்சு நில்லும்மா" என்று சொல்லி, பின்கழுத்து எலும்பிலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை முதுகோடு ஒட்டி டேப்பை ஓட்டுவேன். இரண்டு இன்ச்சுக்குக் குறையாமல் வித்தியாசம் வரும். அந்த இரண்டு இன்ச்சை ஜெர்சியின் பின்பக்க இறக்கத்தில் மட்டும் கூட்டுகிறேன். முன்பக்கமும் சேர்த்து நீட்டினால் தொடையில் சுருண்டு ஓட்டத்தைக் கெடுக்கும். முழங்காலும் அப்படித்தான். முழுதாக மடக்கும்போது அங்கே தோலே நீளவாக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீள்கிறது. துணி நீளாவிட்டால், டிராக் பேண்ட் இடுப்பிலிருந்து இறங்கும், இல்லாவிட்டால் கிழியும்.

கிழிவது பெரும்பாலும் கவட்டில்தான். நான்கு தையலும் ஒரே புள்ளியில் வந்து சேர்கிற இடம் அது. காலை அகட்டினால் இழுவை முழுவதும் அந்தப் புள்ளியில் விழுகிறது. அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாய்சதுரத் துண்டு வைத்துத் தைத்தால் தையல்கள் ஒரே புள்ளியில் சேராமல் தள்ளித் தள்ளிப் போகும், இழுவையும் பரவிவிடும். புதிதாக யாரும் கண்டுபிடித்ததில்லை, பழைய பைஜாமாக்களில் இருந்ததுதான். கட்டிங்கில் கொஞ்சம் துணியும் நேரமும் கூடும். அதை மிச்சம் பிடிக்கத்தான் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள்.

சரி, துணிக்கு வருவோம். "நம்ம ஊர் வெயிலுக்குக் காட்டன்தான்" என்று பெற்றோர் எல்லோரும் சொல்வார்கள். உட்கார்ந்திருக்கவும், சாயங்காலம் மெதுவாக நடக்கவும் காட்டன் அருமை. ஒரு மணி நேரம் ஓடி விளையாடினால் கதை வேறு. சாதாரணமாகவே பருத்தி தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரத்தை உள்ளே வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வைத்திருக்காது. வியர்வை ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும். பருத்தி அதைக் குடித்துக் கனத்து, முதுகில் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

அதற்காக எந்தப் பாலியெஸ்டரும் சரி என்று அர்த்தமில்லை. பளபளவென்று விலை மலிவாகக் கிடைக்கும் துணியில் பாதி, பிளாஸ்டிக் பை மாதிரி. கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். துணியின் உள்பக்கத்தைத் திருப்பி ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்து மாதிரி உருண்டு நின்றால் வைத்துவிடுங்கள். சில வினாடிகளில் ஐந்து ரூபாய் காசு அகலத்துக்குப் பரவி, வெளிப்பக்கமும் ஈரம் தெரிந்தால் வாங்கலாம். சிறு சிறு துளைபோல் பின்னிய டாட்நிட் என்கிற பாலியெஸ்டர் துணி, 140 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 140 கிராம் எடை) அளவில், மதுரை மே மாதத்துக்கு நன்றாக உழைக்கிறது. வாசனைக்காகக் கடைசி அலசலில் ஊற்றும் கண்டிஷனரை மட்டும் இந்தத் துணிக்குப் போடாதீர்கள். இழையின் மேல் படிந்து, ஈரம் பரவுவதைத் தடுத்துவிடும். ஆட்டம் முடிந்ததும் நனைந்த உடுப்பை மாற்றிவிட வேண்டும். அதோடேயே பஸ் ஏறி வீடு போய்ச் சேரும் பிள்ளைகளுக்குத்தான் தொடை இடுக்கில் படர்தாமரை வருகிறது.

வாங்கும்போது உள்பக்கத் தையலையும் விரலால் தடவிப் பாருங்கள். ஓவர்லாக் தையல் மேடாக இருக்கும், வியர்வை உப்போடு சேர்ந்து தொடையை அறுக்கும். பிளாட்லாக் படிந்திருக்கும்.

ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலையில் சேலையோடு ஷூ போட்டு நடக்கும் அக்காமாரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். உடம்பைப் பிடிக்கிற இறுக்கமான இன்ஸ்கர்ட் நடைக்கு ஆகாது. எட்டி வைக்கிற அடி குறுகும், தடுக்கும். கீழ்ச்சுற்று அகலமான பருத்திப் பாவாடை போட்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேலே நிறுத்திக் கட்டுங்கள். பாவாடையில் ஜிப் வைத்த பை ஒன்று தைத்துக்கொண்டால் வீட்டுச் சாவியைக் கையில் பிடித்து நடக்க வேண்டாம். கை வீசி நடக்கலாம்.

கடைசியாக, எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிற விஷயம். பெண் பிள்ளைகளுக்கு வெள்ளை ஷார்ட்ஸ். மாதவிடாய் நாளில் அந்தப் பிள்ளையின் கவனம் பந்திலா இருக்கும்? வெள்ளையைத் தவிர வேறு நிறத்தையே அனுமதிக்காத விம்பிள்டனில்கூட 2023 முதல் பெண்கள் உள்ளே அடர்நிற ஷார்ட்ஸ் போடலாம் என்று விதியைத் தளர்த்திவிட்டார்கள். நம் பள்ளிகளில் இதைச் சொன்னால், "காலங்காலமா வெள்ளைதானே" என்பார்கள். போன வாரம் ஒரு விளையாட்டு ஆசிரியையிடம் கருநீலத் துணியை வெயிலில் விரித்துக் காட்டினேன். தடவிப் பார்த்தார், தண்ணீர் விட்டுப் பார்த்தார். "பிள்ளைககிட்டயே கேட்டுருவோமே" என்று கூப்பிட்டார். பதினான்கு பேரும் கருநீலத்தைத்தான் கை காட்டினார்கள். நாளைக்கு வெட்டப் போகிறேன்.