கிளினோடாக்டிலி: சாய்விரல்

கிரேக்கத்தில் ‘கிளினெய்ன்’ என்றால் சாய்தல், ‘டாக்டிலோஸ்’ என்றால் விரல். (சாய்ந்து படுக்கும் கட்டிலைக் குறித்த ‘கிளினே’ வழியாக வந்ததே கிளினிக்கும்.) விரல் பக்கவாட்டில், அடுத்த விரலை நோக்கிச் சாய்ந்திருப்பதே கிளினோடாக்டிலி. பெரும்பாலும் சுண்டுவிரல்தான் மோதிரவிரல் பக்கம் சாயும்.

தமிழில் ‘வளைவிரல்’ என்றால் குழப்பம் வரும். உள்ளங்கைப் பக்கம் மடங்கி நிமிராமல் நிற்கும் விரலும் வளைந்ததுதானே? அதன் பெயர் காம்ப்டோடாக்டிலி. மூட்டு மடக்கம் சார்ந்த வேறு கோளாறு. அதை மடங்குவிரல் என்றும் இதைச் சாய்விரல் என்றும் பிரித்துச் சொல்வதே சரி. கையை மேசைமேல் குப்புற வைத்தால் வேறுபாடு தெரிந்துவிடும்: சாய்விரல் மேசையில் படியும், ஆனால் நுனி பக்கவாட்டில் திரும்பியிருக்கும், மடங்குவிரலின் நடுமூட்டு மேசையை விட்டு எழும்பி நிற்கும்.

சாய்வுக்குக் காரணம் பெரும்பாலும் விரலின் நடு எலும்பு. விரலெலும்பின் வளர்ச்சித் தட்டு (எலும்பை நீளவைக்கும் குருத்தெலும்புப் பகுதி) அதன் அடிமுனையில் குறுக்காக அமைந்திருக்க வேண்டும். சிலருக்கு அது ஒரு பக்கமாக நீண்டு, அடைப்புக்குறி வடிவில் எலும்பைக் கவ்விக்கொள்கிறது. அந்தப் பக்கம் நீளாது, மறுபக்கம் நீளும். செவ்வகமாக வரவேண்டிய எலும்பு சரிவகமாகவோ முக்கோணமாகவோ வந்துவிடுகிறது. முக்கோணமானால் டெல்டா எலும்பு என்பார்கள். டவுன் சிண்ட்ரோமில் நடு எலும்பு குட்டையாக இருப்பதால் சுண்டுவிரல் சாய்வதுண்டு. அவ்விரலில் இரண்டு மடிப்புக்கோடுகளுக்குப் பதில் ஒன்றே இருப்பதும் உண்டு. ரசல்-சில்வர் (கருவிலிருந்தே வளர்ச்சி குன்றுவது), கிளைன்ஃபெல்டர் (ஆண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருப்பது) சிண்ட்ரோம்களிலும் சாய்விரல் காணப்படும்.

ஆனால் இந்த ஒரே அடையாளத்தை வைத்து மரபணுக் கோளாறு என்று முடிவுகட்ட முடியாது. வேறு எந்தக் குறையும் இல்லாத குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இது வருகிறது. லேசான சாய்வு இயல்பே. 10 பாகைக்கு மேல் போனால்தான் கிளினோடாக்டிலி எனக் குறிப்பது வழக்கம். முதலில் பெற்றோரின் கைகளைப் பார்க்க வேண்டும். பிறகு முகத்தோற்றம், உயரம், இதயம், வளர்ச்சிப் படிகள். இவற்றில் ஏதேனும் சேர்ந்து வந்தால்தான் குரோமோசோம் பரிசோதனைக்குப் பொருள் உண்டு.

கட்டை வைத்துக் கட்டுவதால் பயனில்லை: கோணல் எலும்பின் வடிவத்தில் இருக்கிறது, தசைநாரில் அல்ல. பிடிப்பதற்கு இடைஞ்சலானாலோ விரல்மேல் விரல் ஏறினாலோ மட்டுமே அறுவை. வளரும் வயதில், கவ்விய தட்டின் நடுப்பகுதியை நீக்கி அங்கே கொழுப்பை வைப்பார்கள். மீதி வளர்ச்சியே விரலைச் சிறிது நிமிர்த்தும். வளர்ச்சி நின்றபின் எலும்பை ஆப்பு வடிவில் வெட்டி நேராக்க வேண்டியதுதான்.