சோறு என்ன பாவம் செய்தது?

"சோத்தத் தொட்டே மூனு மாசம் ஆச்சுங்க டாக்டர், எடை மட்டும் எறங்க மாட்டேங்குது." மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து டவுன்களில் உணவியல் ஆலோசனைக்கு வருகிறவர்கள் எடுத்ததும் சொல்வது இதுதான். (உணவியல் நிபுணர் டாக்டர் இல்லை. எத்தனை முறை சொன்னாலும் மாறப்போவதில்லை, அது கிடக்கட்டும்.) ராத்திரி என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், "ரெண்டே ரெண்டு ரொட்டி சானாய்" என்பார்கள்.

கணக்குப் போடுவோம். பரோட்டா மாதிரி எண்ணெய் விட்டுச் சுடும் ரொட்டி சானாய் ஒன்று சுமார் 300 கலோரி. வெந்த சோறு 100 கிராமுக்கு 130. அந்த "ரெண்டே ரெண்டு" ரொட்டிக்கு ஈடாக வேண்டுமென்றால் ஏறக்குறைய 450 கிராம் சோறு சாப்பிட வேண்டும். உட்கார்ந்து எழ முடியாத அளவு சோறு அது. 'பன்ஜிர்' (வெள்ளமாக) என்று ஊற்றச் சொன்ன குழம்பு இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

சப்பாத்திக்கு மாறினேன் என்பவர்களுக்கும் இதே பதில்தான். சமைக்கும் முன் அரிசியும் சரி, கோதுமை மாவும் சரி, 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 கலோரி. அரிசி உலையில் தண்ணீரைக் குடித்து ஊதுகிறது. சப்பாத்தி கல்லில் எண்ணெயைக் குடிக்கிறது. ஆட்டா மாவில் நார்ச்சத்து அதிகம், மறுக்கவில்லை. அதற்காக ஐந்து சப்பாத்திக்கு யாரும் அனுமதிச் சீட்டு தரவில்லை.

பிறகு ஏன் சோற்றை விட்ட முதல் வாரம் ஒன்றிரண்டு கிலோ குறைகிறது? தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்த மாவுச்சத்து கரைகிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்து வெளியேறுகிறது. போனது தண்ணீர், கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. தீபாவளிக்கு ஒரு வேளை வயிறாரச் சாப்பிட்டால் தண்ணீர் திரும்பி வரும். உடனே "எனக்குத் தண்ணி குடிச்சாலும் ஒடம்பு போடுது" என்ற புலம்பல்.

சோற்றைத் திட்டும் அதே கையில் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) கிளாஸ் இருக்கும். "நான் சீனியே போடுறதில்லிங்க." சரி, டின் பால் (சீனி சேர்த்த கெட்டிப் பால்)? இரண்டு மேசைக்கரண்டி டின் பால் என்பது சுமார் 40 கிராம். அதில் ஏறத்தாழ 20 கிராம் சீனி, அதாவது 4 தேக்கரண்டி. கலோரி 130 பக்கம். பசியாறும்போது ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, வேலை முடிந்து ஒட்டுக்கடையில் ஒன்று என்றால் கிட்டத்தட்ட 400 கலோரி குடித்தே தீர்ந்துவிடும். வயிறும் நிறையாது. ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு வாரம் 'குராங் மானிஸ்' (இனிப்புக் குறைவாக), அடுத்த இரண்டு வாரம் தே ஓ (பால் இல்லாமல்), அப்புறம் கோசோங் (சீனியும் இல்லாமல்). நாக்கு பழகிக்கொள்ளும்.

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய தாத்தா விடியுமுன்னே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு)ப் போய், மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து, பால் வாளி சுமந்து, அந்தத் தட்டுச் சோற்றைச் செரித்தார். வேலை போய்விட்டது, தட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால் சோற்றை விடவேண்டாம், அளவைக் குறையுங்கள். சுகாதார அமைச்சின் 'சுக்கு-சுக்கு-செப்பாரு' தட்டு நினைவிருக்கிறதா? (மலாயில் சுக்கு என்றால் கால், செப்பாரு என்றால் பாதி; இது கஷாயச் சுக்கு இல்லை!) தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ தெம்பேயோ, பாதி காய்கறியும் பழமும். உருளைக்கிழங்குப் பிரட்டல் காய்கறிப் பக்கம் வராது; அது சோற்றின் பங்காளி. கங்கோங், முருங்கைக்கீரை, வெள்ளரிக்காய், பாகற்காய், இதெல்லாம் காய்கறி. முதலில் காயைத் தட்டில் போட்டுவிட்டுக் கடைசியில் சோற்றைப் போடுங்கள். கடையில் குழம்பைத் தனியாகக் கேளுங்கள்.

அடுத்து எண்ணெய். 1 கிலோ பொட்டலம் 9,000 கலோரி. நாலு பேர் குடும்பத்தில் வாரம் ஒரு பொட்டலம் தீர்ந்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 320 கலோரி எண்ணெயிலேயே போகிறது. பிரிக்கும் அன்று பொட்டலத்தில் பேனாவால் தேதி எழுதுங்கள். அது இரண்டு வாரம் வந்தால் அந்தக் கலோரியில் பாதி மிச்சம். தாளிக்கக் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள், பொட்டலத்தைச் சாய்க்காதீர்கள்.

எடை வாரம் ஒரு முறை, காலையில், வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். 80 கிலோ இருப்பவர் ஆறு மாதத்தில் 4 கிலோ குறைத்தாலே நல்ல பலன். இடுப்பையும் அளந்து வையுங்கள்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டும்.

இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். இரத்தச் சீனியைக் குறைக்கும் கிளிக்லாசைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அல்லது இன்சுலின் குத்திக்கொண்டு, இராத்திரிச் சாப்பாட்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி விடியற்காலையில் தூக்கிக்கொண்டு வருவது இப்படித்தான் நடக்கிறது. நடுக்கம் வந்தால், நினைவோடு இருக்கும்போதே 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து இரத்தச் சீனியைப் பாருங்கள், குறைவாகவே இருந்தால் இன்னொரு முறை குடியுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999க்கு அழையுங்கள்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய 'ஸ்லிம்' காப்பி குடிக்கிறவர்கள், திட்டுவார்கள் என்று மறைக்க வேண்டாம். இருதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனையிலிருந்து நீக்கப்பட்ட சிபுட்ராமின் என்ற எடைக் குறைப்பு மருந்து, இந்த மாதிரி பாக்கெட்டுகளில் திரும்பத் திரும்பப் பிடிபடுகிறது. குடிப்பதை இன்றே நிறுத்திவிட்டு, அடுத்த முறை வரும்போது பாக்கெட்டை மாத்திரை அட்டைகளோடு கையில் எடுத்து வாருங்கள்.